உலகத்துக்கு யோசனை சொல்ல வீட்டுக்கு ஓர் ஆள்

எங்கோ ஒரு வெளிநாட்டு நகரத்தில் ஒரு கம்ப்யூட்டர், உலக வரைபடத்தின் மேல் கண்ணை மூடிக்கொண்டு புள்ளிகளை இறைத்தது. கடலில் விழுந்தவற்றைத் தள்ளிவிட்டு, தரையில் விழுந்த ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்திலிருந்து ஒருவரைச் சீட்டுப் போட்டு எடுப்பது, எல்லாரையும் திரை வழியாக ஒரு வாரம் பேச வைப்பது என்று ஓர் அமைப்பு முடிவு செய்தது. பருவநிலை இப்படியே கெட்டுக்கொண்டு போனால் அரசுகள் என்ன சட்டம் போட வேண்டும், யாருக்கு என்ன பாதுகாப்பு தர வேண்டும் என்று மந்திரிகளும் நிபுணர்களும் மட்டும் பேசினால் போதாது, சாதாரண ஜனங்களும் சொல்லட்டும் என்பது அவர்கள் எண்ணம். நல்ல எண்ணம்தான். அதில் ஒரு புள்ளி ஜவ்வாது மலையில் விழுந்தது. அதனால் ஐப்பசி மாதத்து ஒரு காலையில் நான் புதூர்நாட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நின்றேன்.

என் தொழில் மொழிபெயர்ப்பு. ஒப்பந்தங்கள், சட்ட முன்வரைவுகள், அரசுக் கொள்கை அறிக்கைகள் எல்லாவற்றையும் சென்னையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து தமிழாக்கிக்கொண்டிருப்பேன். பிறந்தது தூத்துக்குடி. எனக்குத் தெரிந்த மலை, உப்பளத்தில் குவித்து வைத்திருக்கும் உப்புதான். பொறுமை எனக்குப் பிறவியிலேயே கொஞ்சம் குறைவு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நான் போக வேண்டிய நெல்லிக்கொல்லைக்கு பஸ் கிடையாது, ஜீப்தான். ஜீப்புக்கு அதே ஊர் ராஜேந்திரன் என்பவர் சொந்தக்காரர், டிரைவர், கண்டக்டர் எல்லாம். தகரம், அரிசி மூட்டை, இரண்டு சேவல், பின்பக்கம் தொங்கும் ஆட்கள் என்று எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு, எனக்கு மரியாதை செய்து முன் சீட்டில் பாதி கொடுத்தார். பாதி வழியில் டயர் பஞ்சர். மாற்று டயரை எடுத்துப் பார்த்தால் அதிலும் காற்றில்லை. நான் ஒருத்திதான் கோபப்பட்டேன். மற்றவர்கள் இறங்கி, வீட்டுக்குக் கொண்டுபோகிற பொரியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"இன்னா மேடம், பலா சீசன்ல வந்திருக்கக்கூடாதா?" என்று ஒரு பெண் என்னைப் பார்த்து இரக்கப்பட்டாள். அந்த வாரம் முழுவதும் என்னிடம் முதல்முறை பேசிய ஒவ்வொருவரும் இதையே கேட்டார்கள்.

ராஜேந்திரன் எதற்கு வந்திருக்கிறேன் என்று விசாரித்தார். புள்ளி, சீட்டு, உலகம், சட்டம் எல்லாவற்றையும் விளக்கினேன். கழற்றிய டயரை உருட்டி ஓரமாகச் சாய்த்தார்.

"உலகத்துக்கு நாமதான் சொல்லணும்னு வந்துட்டா சொல்லிட வேண்டிதான்" என்றார். அவர் அதை ஒரு சவாரிக்கு ஒப்புக்கொள்வது போலச் சொன்னதில் என் கோபம் போய்விட்டது.

நெல்லிக்கொல்லையில் இணைய வசதி இருந்த ஒரே இடம் சாமை அரைக்கும் மில். பெண்கள் குழு ஒன்று நடத்துகிறது. சாயங்காலம் மில்லை நிறுத்திவிட்டு, விருப்பம் சொன்ன பெரியவர்கள் எல்லார் பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதி, ஒரு ரைஸ் குக்கருக்குள் போட்டுக் குலுக்கினோம். எடுத்த சீட்டில் இருந்த பெயர் சாந்தி. கூட்டத்தின் முன்வரிசையில் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்த ஆண்கள் முகத்தில் ஒரு சின்ன வாட்டம். பின்னால் சுவரோரம் நின்றிருந்த சாந்தி, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் பெங்களூரில் கட்டட வேலை. சாமைக் கொல்லையையும் பதினொரு வயதுப் பெண் யமுனாவையும் இவளே பார்த்துக்கொள்கிறாள். எனக்குத் தங்க இடம் கொடுத்ததும் அவள்தான்.

அன்று இரவுச் சாப்பாடு சாமைச் சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும். மீன் இல்லாத சாப்பாட்டை நான் சாப்பாடாகவே மதிப்பதில்லை. ஆனால் அந்தக் குழம்புக்கு இரண்டாம் முறை தட்டை நீட்டினேன்.

சாப்பிடும்போது சாந்தி கேட்டாள்: "மேடம், அங்க எது வேணா சொல்லலாமா?"

"சட்டத்தில் வர வேண்டியது எதுவானாலும் சொல்லலாம்."

"அப்போ எனக்கு ஒன்னே ஒன்னு சொல்லணும்."

அந்த ஒன்று யமுனாவைப் பற்றியது. அறுப்பு முடிந்ததும் இந்த ஊர்க்காரர்கள் குடகுப் பக்கம் காப்பி பறிக்க இறங்கிவிடுவார்கள். மழை ஒழுங்காகப் பெய்த காலத்தில் இரண்டு மாதத்தில் திரும்பிவிடுவார்கள். இப்போது மழை எப்போது வரும், எப்போது வராது என்றே தெரியவில்லை. போன தடவை சாமை கதிர் பிடிக்கும் நேரத்தில் வானம் ஏமாற்றிவிட்டதால் முன்னதாகவே இறங்கி, அங்கேயே ஆறு மாதம் கிடந்தார்கள். எஸ்டேட் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பெண்ணைச் சேர்க்கப் போனால், மாற்றுச் சான்றிதழ் இல்லை, மொழி தெரியாது, நீங்கள் இந்த ஊர் இல்லை என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். யமுனா அந்த வருஷம் காப்பிக் கொட்டை பொறுக்கினாள். திரும்பி வந்தபோது அவளோடு படித்தவர்கள் அடுத்த வகுப்புக்குப் போயிருந்தார்கள். இப்போது தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறாள்.

"மார்கழியில மறுபடியும் போவணும். மறுபடியும் அதே ஸ்கூலு. இந்த வாட்டியும் தொரத்திட்டா அவ்ளோதான் மேடம். இனிமே நான் போவ மாட்டேன்னு அது இப்பவே சொல்லிகினு கீது."

எனக்கு வாய் சும்மா இருக்காது. நம் நாட்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தில் இது ஏற்கனவே இருக்கிறது, மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று எடுத்துச் சொன்னேன்.

"கீதா?" என்று சந்தோஷமாகக் கேட்டாள். பிறகு யோசித்தாள். "கீதுன்னா அந்த எட்மாஸ்டருக்குத் தெரியலியே மேடம். உலகமே சேர்ந்து சொன்னா தெரியும் இல்ல?"

குழம்பை ஊற்றச் சொன்னேன்.

மறுநாள் முதல் அமர்வு. மில்லை நிறுத்தினாலும் மாவுத்தூசி காற்றில் நின்றது. லேப்டாப் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக மனிதர்கள். எங்கள் குழுவை நடத்தியவள் மார்த்தா என்ற பெண். குழுவில் பெரு நாட்டிலிருந்து ஒரு பஸ் டிரைவர், செனகல் நாட்டுக் கடற்கரையில் மீன் விற்கும் ஓர் அம்மாள், போலந்திலிருந்து ஒரு நர்ஸ். ஒவ்வொருவருக்கும் என்னைப் போல் ஒரு மொழிபெயர்ப்பாளர். "எங்கள் ஆற்றில் இப்போது பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள்" என்றார் டிரைவர். "எங்கள் தெருவைக் கடல் தின்றுவிட்டது. அடுத்த தெருவை இப்போது ருசி பார்க்கிறது" என்றார் மீன் விற்கும் அம்மாள். மீன் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு நாக்கு ஊறியது. சாந்தி தன் பெயரையும் சாமையையும் சொன்னாள். அதற்குமேல் தைரியம் போதவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த நாள் நான் மில்லுக்குப் போனால், லேப்டாப்புக்கு முன்னால் மேல்தெரு பெருமாள் என்பவர் உட்கார்ந்திருக்கிறார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, முறுக்கிய மீசை.

"சாந்தி எங்கே?"

"அது மொற நேத்தே முடிஞ்சிபோச்சுங்க. இன்னிக்கு எங்க வூட்டு மொற."

"என்ன முறை?"

"உலகத்துக்கு சொல்ற மொறதாங்க."

விசாரித்த பிறகுதான் விளங்கியது. இது சாமைக் கதிர் முற்றுகிற நேரம், காட்டுப்பன்றி இறங்கும். ராத்திரியில் கொல்லை நடுவே பரண்மேல் உட்கார்ந்து தகரம் தட்டிக் காவல் காக்க, ஊரில் வீட்டுக்கு ஓர் ஆள் முறை வைத்துப் போவார்கள். காவல் முடித்தவர் காலையில் அடுத்த வீட்டுக்குப் போய், பன்றி எந்தப் பக்கம் வந்தது, எந்த வேலி பிய்ந்தது என்று எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால்தான் டார்ச் கைமாறும். உலகத்துக்கு யோசனை சொல்வதும் ஊர்ப் பொது வேலைதானே என்று முந்தைய நாள் ராத்திரி கூடிப் பேசியிருக்கிறார்கள். ஒரு பெண் தலையிலேயே வாரம் முழுக்கக் கட்டுவது நியாயமில்லை என்று இரக்கப்பட்டு, வீட்டுக்கு ஒரு நாளாகப் பிரித்துவிட்டார்கள்.

நான் தலையில் கை வைப்பதற்குள் அமர்வு ஆரம்பித்துவிட்டது.

"சாந்தி, உங்கள் கேமராவில் ஏதோ கோளாறு என்று நினைக்கிறேன்" என்றாள் மார்த்தா.

"நான் பெருமாளுங்க. சாந்தி எல்லாத்தையும் சொல்லிச்சி" என்று ஆரம்பித்த பெருமாள், முந்தைய நாள் யார் யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு மூச்சில் ஒப்பித்தார். வற்றிய ஆறு, பந்து, கடல் தின்ற தெரு, நர்ஸின் ஆஸ்பத்திரியில் வெயிலில் மயங்கி வந்த கிழவர்கள் என்று ஒன்றுகூட விடவில்லை. பஸ் டிரைவர் கை தட்டினார். ஆனால் சாந்தி சொல்ல நினைத்தது அதில் வரவில்லை. அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது அதையும்தான் சொன்னேன் என்று அவள் பிறகு என்னிடம் சொன்னாள்.

அமர்வு முடிந்ததும் பெருமாளைப் பிடித்தேன்.

"அது வூட்டு விஷயங்க" என்றார் வெள்ளந்தியாக. "எம் பொண்ண ஸ்கூல்ல சேக்கலன்னு உலகத்தாண்ட போய் சொல்லுவாங்களா? நான் பன்னி விஷயத்த எடுக்கலாம்னு இருந்தேன். அந்தம்மா பேசவே வுடல."

மார்த்தா அவரை அதற்குமேல் பேசவிடாததற்குக் காரணம் விதி. அந்த விதிப்புத்தகத்தைத் தமிழாக்கியவளே நான் என்பதால் எனக்கு மனப்பாடம். சீட்டில் வந்தவர் மட்டும்தான் பேச வேண்டும், பதிலாள் கூடாது. பக்கத்தில் ஒரு துணையாள் உட்காரலாம், ஆனால் வாய் திறக்கக் கூடாது. கடைசி நாளில் ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் சொல்லலாம். குழு ஒப்புக்கொண்டால் அது அரசுகளுக்குப் போகிற பரிந்துரையில் சேரும். சாந்தி வராவிட்டால் உங்கள் புள்ளி அந்தத் தாளில் வெறும் புள்ளியாகவே இருக்கும் என்று மார்த்தா வருத்தத்தோடு சொன்னாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

சாந்தியிடம் வந்து உட்காரும்படி கெஞ்சினேன். அடுத்தவர் முறையில் போய் உட்கார்ந்தால் ஊரில் யார் முகத்திலும் விழிக்க முடியாது என்று அவள் மறுத்துவிட்டாள். "மார்கழி வந்துகினே கீது மேடம்" என்றும் அவளே சொன்னாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அன்று ராத்திரி மில் வாசலில் ஊர் கூடியது. நான் பொறுமையாகப் பேச வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். இரண்டு நிமிஷம் தாங்கியது.

"விதியை மீறினால் உங்கள் ஊர் வாயையே திறக்க முடியாது, புரிகிறதா?" என்று கத்தினேன்.

"மேடம், கோச்சிக்காதீங்க" என்றார் பெருமாள். "சீட்டுல வந்த ஒருத்தரே கடைசி வரைக்கும் பேசினா, அது அவங்க பேச்சு. ஊரு பேச்சு ஆவுமா?"

கேள்வி நியாயமானது. சட்டசபையைப் பற்றியும் இதைக் கேட்கலாம். ஆனால் எனக்கும் ஒரு கேள்வி இருந்தது. அவர்கள் வைத்திருந்த முறை வரிசையைச் சொல்லச் சொல்லிக் கேட்டிருந்தேன். "வீட்டுக்கு ஓர் ஆள் என்கிறீர்கள். சரி. எல்லா வீட்டிலும் அந்த ஆள் ஆண்பிள்ளையாகவே இருக்கிறாரே, அது எப்படி? சீட்டாவது ஒரு பெண்ணைக் கொண்டுவந்தது. உங்கள் முறை அவளை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டதே."

பெண்கள் பக்கமிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெருமாள் மீசையைத் தடவினார். "காவலுக்கு ஆம்பளதான போவாங்க" என்றார் தணிந்த குரலில்.

"எங்க வூட்டு காவலுக்கு யார் போறது?" என்று சாந்தி கேட்டாள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கணவர் ஊரில் இல்லாததால் அவள் வீட்டு முறைக்குப் பரண் ஏறுவது அவள்தான். அது ஊருக்கே தெரியும். ஆனால் யாரும் அதை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

"காவல மாத்திக்கறோம் இல்ல?" என்றாள் சாந்தி. "உடம்பு முடியலன்னா உன் மொறைய நான் பாக்கறேன், அப்பால எனக்கு நீ பாக்கற. அதே மாரிதான். உங்க காவல நான் பாக்கறேன். உங்க உலகத்த எனக்குக் குடுங்க."

பேரம் அந்த இடத்திலேயே படிந்தது. ஐப்பசிக் குளிரில் பரண்மேல் விழித்திருப்பதை யார் விரும்புவார்கள்? உலகமும் அப்படி ஒன்றும் சுவாரசியமாக இல்லை என்று பெருமாள் வேறு சொல்லி வைத்திருந்தார். ஒவ்வொரு வீடாகத் தன் உலகத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் காவலைத் தள்ளிவிட்டது. கடைசி நாள் மட்டும் மிஞ்சியது. அது ராஜேந்திரன் முறை.

"சாந்தி, வேற எது வேணா கேளு" என்றார் ராஜேந்திரன். "கடைசி நாள மட்டும் கேக்காத. செங்கத்துல மச்சான் வூட்டுக்கெல்லாம் சொல்ட்டேன். வேன் புடிச்சி வர்றாங்க. அவங்க எதுர்ல நான் இன்னான்னு சொல்றது?"

கடைசி நாள்தான் வாக்கியம் சேர்க்கிற நாள். மாற்றிக்கொள்வதற்கு இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும், அதுதான் வழக்கம்.

அடுத்த நாட்கள் வேடிக்கையாகவே போயின. ராத்திரி தகரம் தட்டிவிட்டு வந்து, பகலில் கொல்லை வேலையும் பார்த்துவிட்டு, சாயங்காலம் சிவந்த கண்ணோடு சாந்தி உலக அவையில் உட்காருவாள். கார்பன் சந்தை பற்றி ஒரு பேராசிரியர் விளக்கிக்கொண்டிருந்தபோது உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். படம் உறைந்துவிட்டது என்று நினைத்து மார்த்தா இணைப்பைச் சரிபார்க்கச் சொன்னாள். "சரியாகிவிடும், கொஞ்சம் பொறுங்கள்" என்று நான் சொல்லிவிட்டேன். உண்மையில் எனக்கும் அந்தப் பேராசிரியர் பேச்சில் கண் செருகிக்கொண்டுதான் இருந்தது. ஒருநாள் மேசைமேல் கோழி ஏறி நடந்தது. அதற்கு என்ன பெயர் என்று போலந்து நர்ஸ் கேட்டார். கோழிக்குப் பெயர் வைப்பார்களா என்று சாந்தி திருப்பிக் கேட்டாள்.

ஒரு நாள் காலையில் ராஜேந்திரன் ஜீப்பிலேயே புதூர்நாட்டுக்குப் போய் நெத்திலிக் கருவாடு வாங்கி வந்தேன். நானே புளி கரைத்து, தூத்துக்குடிப் பக்குவத்தில் தேங்காய் அரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தேன். சாமைச் சோற்றுக்கும் நெத்திலிக்கும் அப்படி ஒரு பொருத்தம் இருக்கும் என்று எனக்கு இத்தனை வயசில் யாரும் சொல்லவில்லையே என்று ஆத்திரமாக வந்தது. அன்று அமர்வில் இதைச் சொன்னதும் செனகல் அம்மாள் எங்கள் ஊரிலும் மீனைக் காயவைப்போம் என்று கையால் நீளம் காட்டினார். கொள்கை விவாதம் சிறிது நேரம் கருவாட்டில் நின்றது.

யமுனா மட்டும் எதிலும் சேரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கதவோரம் போட்டுவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவாள். வகுப்பில் என்ன நடந்தது என்று கேட்டால், "எல்லாம் போன வருஷம் கேட்டதுதான்" என்பாள்.

கடைசி அமர்வுக்கு முந்தைய ராத்திரி, சாந்தி வழக்கப்படி ராஜேந்திரன் வீட்டுக்குப் போய் ஒப்படைத்தாள். நானும் கூடப் போனேன். நாள்வாரியாக எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியாக யமுனா விஷயத்தைச் சொன்னாள். ராஜேந்திரன் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நின்றுவிட்டார். போன வருஷம் அவர்களைத் தன் ஜீப்பில் மலை இறக்கிக் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். "பள்ளிக்கூடப் பையோடதான் ஏறிச்சி அது" என்றார். பிறகு, "நான் சொல்றேன் சாந்தி. நீ கவலப்படாத" என்றார்.

"நீங்கள் சொன்னால் எழுதமாட்டார்கள்" என்று நான் மறுபடியும் விதியை விளக்கினேன். அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை. பேசுகிற மனிதனின் வாயை யார் அடைக்க முடியும் என்று நினைத்திருப்பார்.

கடைசி நாள். செங்கத்திலிருந்து வேன் வந்துவிட்டது. மச்சான், மச்சானின் அம்மா, கைக்குழந்தைகள், மிக்சர் பொட்டலம் எல்லாம் மில்லுக்குள் நிறைந்துவிட்டன. ராஜேந்திரன் புதுச் சட்டையில் நாற்காலியில் உட்கார்ந்தார். சாந்தி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள்.

"இன்று சாந்தி வரவில்லையா?" என்றாள் மார்த்தா.

"நான் ராஜேந்திரன். இன்னிக்கு எங்க வூட்டு மொற" என்று கம்பீரமாக ஆரம்பித்தார். மார்த்தா மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவருடைய மைக்கை அடைத்துவிட்டாள். திரையில் தன் குரல் போகவில்லை என்று அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பின்னால் மச்சான், "இன்னா மாமா, சவுண்டு வரல?" என்றார்.

வாக்கியங்கள் சேர ஆரம்பித்தன. டிரைவருடையது முடிந்தது. நர்ஸுடையது முடிந்தது. நான் ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லிக்கொண்டே சாந்தியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ராஜேந்திரனை நாற்காலியோடு தூக்கி வெளியே வைக்கலாமா என்றுகூடத் தோன்றியது. அவர் நெற்றி வியர்த்திருந்தது.

"மேடம்" என்று மெல்லக் கூப்பிட்டார். "நான் எழுந்துட்டா எம் மொற போச்சு. நான் உக்காந்திருந்தா சாந்தி பேச்சு போச்சு. அப்படித்தான?"

"அப்படித்தான்."

அவர் மனைவி கூட்டத்திலிருந்து, "வூட்டுக்கு ஒரு ஆளுதான? அந்த ஆளு யாருன்னு வூடுதான சொல்லணும்?" என்றாள், குழந்தைக்கு மிக்சர் ஊட்டிக்கொண்டே.

ராஜேந்திரன் முகம் தெளிந்தது. எழுந்து நின்று, திரைக்கு அல்ல, ஊருக்குச் சொன்னார்: "இன்னிக்கு எங்க வூட்டு மொற. எங்க வூட்டு ஆளு சாந்தி. யாருக்காவது ஆட்சேபண கீதா?"

யாருக்கும் இல்லை. சாந்தி வந்து உட்கார்ந்தாள். ராஜேந்திரன் ஒரு ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுத் துணையாளாக உட்கார்ந்து, புதுச் சட்டை முழுவதும் கேமராவில் தெரிகிறதா என்று என்னைக் கேட்டு உறுதி செய்துகொண்டார். ஊர் வழக்கமும் மீறப்படவில்லை, உலக விதியும் மீறப்படவில்லை. எத்தனையோ சட்டங்களைத் தமிழாக்கியிருக்கிறேன், இப்படி ஒரு சட்ட விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

"சாந்தி, உங்கள் வாக்கியம்?" என்றாள் மார்த்தா.

"மழ தப்பிட்டா நாங்க எறங்குவோம்" என்றாள் சாந்தி. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எறங்கிப் போற எடத்துல, அன்னிக்கே, எந்தப் பேப்பரும் கேக்காம எங்க புள்ளைக்கு ஸ்கூல்ல எடம் குடுக்கணும். திரும்பி வந்தா இங்க அது எடம் அப்படியே இருக்கணும். புள்ள எந்த ஊருன்னு கேக்கக் கூடாது."

நான் அதை ஒரே வாக்கியமாக மொழிபெயர்த்தேன். அது ஒவ்வொரு கட்டமாக மற்ற மொழிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. செனகல் அம்மாள்தான் முதலில் பேசினார். "கடல் வந்த பிறகு என் பேரன்கள் இப்படித்தான் வீட்டில் இருக்கிறார்கள். நான் வேறு வாக்கியம் வைத்திருந்தேன். அதை விட்டுவிடுகிறேன். இதில் என் பெயரையும் சேருங்கள்." டிரைவர் கை தூக்கினார். நர்ஸ் கை தூக்கினார். வாக்கியம் பரிந்துரையில் ஏறியது. மில்லுக்குள் விசில் பறந்தது. மச்சானின் அம்மா சாந்தியின் கை நிறைய மிக்சரைக் கொட்டினார்.

சத்தம் அடங்கியதும் சாந்தி என்னிடம் வந்தாள். "எப்போலேர்ந்து மேடம்?"

"என்ன எப்போதிலிருந்து?"

"இது. நாளையிலேர்ந்தா?"

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இது பரிந்துரைதான், அரசுகள் படிக்கலாம், படிக்காமலும் போகலாம், சட்டமாக வருஷங்கள் ஆகலாம் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் மிக்சரைக் கொறித்தபடி கேட்டுக்கொண்டாள்.

"நம்ம நாட்டு சட்டம்?"

"அது இப்போதே இருக்கிறது."

"அப்போ ரெண்டையும் அந்த எட்மாஸ்டர் பாஷையில எழுதிக் குடுங்க. சட்டத்தக் காட்டறேன். நம்பலன்னா உலகத்தக் காட்டறேன்."

எனக்குக் கன்னடம் தெரியாது. பெங்களூரில் இருக்கும் என் சிநேகிதிக்கு அந்த நிமிஷமே போன் போட்டு, தலைபோகிற அவசரம் என்று சொல்லி, இரண்டையும் கன்னடத்தில் எழுதி வாங்கினேன். இரண்டும் சேர்ந்து ஒரு பக்கம்தான் வந்தது. புதூர்நாட்டில் பிரிண்ட் எடுத்து சாந்தியிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

சென்னைக்கு வந்ததும் மறுபடி ஒப்பந்தங்கள், மின்விசிறி. சந்தோஷமான விஷயம், மார்க்கெட்டில் வஞ்சிரம். ஆனால் மார்கழி பிறந்ததிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. சாந்தியின் எண்ணுக்குப் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வந்தது. அந்தத் தலைமையாசிரியர் ஒரு பக்கக் காகிதத்தை மதிப்பாரா, கசக்கி எறிவாரா என்று நினைத்து அந்த முகம் தெரியாத மனிதர்மேல் தினமும் கோபப்பட்டேன்.

ஒரு சாயங்காலம் புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"மேடம், நான் யமுனா. சாந்தி பொண்ணு." குரலில் எரிச்சல் இருந்தது. "இங்க வூட்டுப்பாடம் குடுத்துக்கீறாங்க. எல்லாம் வட்டவட்டமா கீது, ஒன்னும் புரியல. நீங்க பாஷையெல்லாம் மாத்துவீங்கன்னு அம்மா சொல்லிச்சி."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "எங்கே குடுத்தாங்க? எந்த ஸ்கூல்ல?"

"அந்த ஸ்கூல்லதான். சேத்துக்கினாங்க. சீக்கிரம் சொல்லுங்க மேடம், நாளைக்கு எழுதினு போவலன்னா டீச்சர் திட்டுவாங்க."

"திட்டட்டும்டி" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னேன்: "நல்லா திட்டட்டும்."